பிட்யூட்டரி நீர்க்கட்டி அறுவைக்குப் பிறகு தலைவலி: வார்டில் ஓயாமல் கேட்ட கேள்விகள்

நரம்பியல் அறுவைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். காலையில் மருத்துவர் சுற்றுக்கு வரும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், ஒன்று கேட்கலாமா?" என்பார்கள். மூளையின் அடியில் இருந்து ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரிச் சுரப்பிக்கு அருகே நீர்க்கட்டி என்று வந்தவர்களின் கேள்விகளில் பாதிக்கு மேல் தலைவலியைப் பற்றித்தான். கேட்டவர்களின் பேச்சை எழுத்து நடைக்கு மாற்றியதைத் தவிர, கேள்விகளை அப்படியே தந்திருக்கிறேன். உங்கள் ஸ்கேனைக் கையில் வைத்திருக்கும் மருத்துவர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

தலைக்குள் கட்டி என்றாலே புற்றுநோய்தானே, சிஸ்டர்? மறைக்காமல் சொல்லுங்கள்.

இல்லை. இங்கே நாம் பேசுவது பெரும்பாலும் ராத்கே நீர்க்கட்டி என்பதைப் பற்றி. தாயின் வயிற்றில் கரு உருவாகும்போது வாயின் மேற்கூரையிலிருந்து ஒரு சிறிய பை மேல்நோக்கி வளர்கிறது. பிட்யூட்டரியின் முன்மடல் அந்தப் பையிலிருந்துதான் உருவாகிறது. மார்ட்டின் ராத்கே என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1838-இல் இதை விவரித்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. பையின் இடுக்கு பின்னாளில் மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு அது முழுதாக மூடாமல் நின்றுவிடும். அந்த இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சளி போன்ற திரவம் சேர்வதுதான் இந்தக் கட்டி. அது பரவாது, மற்ற உறுப்புகளுக்குத் தாவாது.

அதே இடத்தில் மூளையுறையில் நீர் தேங்கும் அரக்னாய்டு நீர்க்கட்டி, கிரேனியோஃபாரிஞ்சியோமா என்ற கட்டி போன்றவையும் வரலாம். பின்னது புற்றுநோய் இல்லை என்றாலும் பிடிவாதமானது, மீண்டும் மீண்டும் வளரக்கூடியது. ஸ்கேனில் சில சமயம் இவற்றைப் பிரித்தறிய முடியாது. அறுவையின்போது கட்டியின் சுவரில் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது அதனால்தான். "சதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்" என்றதும் அழ ஆரம்பிக்காதீர்கள்.

பட்டாணி அளவு சுரப்பி, அதில் ஒரு துளி நீர். அதற்கு இவ்வளவு வலியா?

மூளைக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள உறைக்குத் தெரியும். சுமார் அரை கிராம் எடையே உள்ள இந்தச் சுரப்பி, குதிரைச் சேணம் போன்ற ஓர் எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. நாலு பக்கமும் இடமில்லை. உள்ளே கட்டி பெருத்தால் குழியின் மேல் விரித்த உறை இழுபடும். அந்த வலி பெரும்பாலும் நெற்றியிலும் கண்களுக்குப் பின்னாலும் தெரியும்.

இரண்டாவது காரணமும் உண்டு. கட்டிக்குள் இருக்கும் சளி கசிந்து சுரப்பியில் படும்போது அங்கே அழற்சி உண்டாகும். கட்டியின் அளவும் வலியின் அளவும் ஒத்துப்போகாதது இதனால்தான். இரண்டு சென்டிமீட்டர் கட்டியோடு வலியே இல்லாமல் கண் பரிசோதனையில் அகப்பட்டவர்களும் உண்டு. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத, கெட்டிச் சளி நிறைந்த கட்டியோடு சுவரில் தலையை முட்டிக்கொண்டவர்களும் உண்டு.

ஸ்கேனில் கட்டி இருக்கிறது, எனக்குத் தலைவலியும் இருக்கிறது. அப்படியானால் காரணம் அதுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். வேறு காரணங்களால் இறந்தவர்களின் பிட்யூட்டரியைப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளில், பத்தில் ஒருவருக்கும் மேலாக இந்த நீர்க்கட்டி சிறிய அளவில் இருந்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்தவர்கள். ஒற்றைத் தலைவலியோ ஏழு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இரண்டும் ஒரே தலையில் தற்செயலாகச் சேர்ந்திருப்பது அதிசயமே இல்லை.

வார்டில் நான் கணக்கு வைத்திருந்தது இப்படி: ஒரு தலைக்குள் நாலு வலிகள் குடியிருக்கலாம். கட்டியின் வலி, அந்தத் தலைக்கே உரிய பழைய வலி, அறுவையால் வந்த வலி, மாத்திரையால் வந்த வலி. கத்தி தீர்ப்பது முதலாவதை மட்டும். "அறுவை செய்தும் போகவில்லை" என்று வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, போகாதது எது என்பதுதான்.

எது யாருடைய வலி என்று எங்களால் கண்டுபிடிக்க முடியுமா?

முழுதாக முடியாது. மருத்துவருக்கு உதவ முடியும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, அறுவைக்கு முன்பே ஒரு மாதமாவது எழுதுங்கள். வலி தொடங்கிய நேரம், இடம், பத்துக்கு எத்தனை, வாந்தி வந்ததா, வெளிச்சமும் சத்தமும் தொந்தரவு செய்தனவா, மாதவிலக்கு நாளா, என்ன மாத்திரை எடுத்தீர்கள், இவ்வளவு போதும்.

பள்ளிக்கூட வயதிலிருந்தே வலி உண்டு, ஒரு பக்கம் விண் விண் என்று தெறிக்கிறது, இருட்டறையில் படுத்துத் தூங்கினால் விடுகிறது, அம்மாவுக்கும் இருந்தது என்றால் ஒற்றைத் தலைவலிப் பக்கம் சாய்கிறது. சமீபத்தில் புதிதாக வந்தது, நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் அழுத்துகிறது, கூடவே சோர்வு, மாதவிலக்கு தவறுதல், பார்வையின் ஓரங்கள் மங்குதல் என்றால் கட்டியின் பக்கம் சாய்கிறது. சாய்கிறது என்றுதான் சொல்கிறேன்.

தலைவலிக்காக மட்டும் அறுவை செய்யலாமா? ஒருவர் செய் என்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார்.

இருவரும் தவறு சொல்லவில்லை. கட்டி பார்வை நரம்புகள் சந்திக்கும் இடத்தை அழுத்தினால் பேச்சுக்கே இடமில்லை, பார்வைக்காகச் செய்துதான் ஆக வேண்டும். சுரப்பி தன் வேலையைச் சரிவரச் செய்யாதபோதும் அறுவையின் பக்கம் வாதம் வலுவாகிறது. தலைவலி மட்டும் என்றால்தான் கருத்து வேறுபாடு. முந்தைய பதிலில் சொன்னபடி எந்த வலி என்பதில் ஐயம் இருக்கும் வரை, ஒற்றைத் தலைவலிக்கான தடுப்பு மருந்துகளை முறையாகச் சில மாதங்கள் கொடுத்துப் பார்த்து, ஸ்கேனையும் மறுபடி எடுத்துப் பார்ப்பது நியாயமான வழி. அப்படியும் அடங்காமல், வலியின் குணமும் ஸ்கேனும் கட்டியையே சுட்டினால், தலைவலிக்காக மட்டும் செய்து பலன் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அந்த முடிவை அறுவை மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், நரம்பியல் மருத்துவர் மூவரும் பார்த்த பிறகு எடுப்பது நல்லது.

மண்டையைத் திறப்பார்களா? மொட்டை அடிக்க வேண்டுமா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. மூக்குத் துவாரம் வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தி, மூக்குக்குப் பின்னால் உள்ள காற்றறையைக் கடந்து, சேணக் குழியின் அடித்தளத்தில் சின்ன ஜன்னல் போலத் திறப்பார்கள். வெளியே தையல் தெரியாது. உள்ளே அடைப்பதற்காகத் தொடையிலோ வயிற்றிலோ கொஞ்சம் கொழுப்பு எடுத்தால் அங்கே மட்டும் ஒரு சிறிய தழும்பு. மூக்கு வழியே பிட்யூட்டரியை எட்டும் பாதையை 1907-இல் ஹெர்மன் ஷ்லோஃபர் ஆஸ்திரியாவில் செய்து காட்டினார். நேற்று கண்டுபிடித்த வித்தை என்று பயப்பட வேண்டாம்.

கட்டியை முழுதாக எடுக்காமல் நீரை வடித்துவிட்டு அனுப்புகிறார்களே, இது அரைகுறை வேலை இல்லையா?

கோபமாகக் கேட்பவர்கள் அதிகம். வலிக்குக் காரணம் அழுத்தமும் சளியும் என்று மேலே பார்த்தோம். அவற்றை வெளியேற்றினாலே பெரும்பாலும் வேலை முடிந்தது. கட்டியின் சுவர் பல சமயம் சுரப்பியோடும் அதன் காம்போடும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கடைசித் துணுக்கு வரை உரித்தெடுக்கப் போனால் சுரப்பி சேதமாகும், மூளையைச் சுற்றியுள்ள நீர் (மூளை நீர்) கசியும் வாய்ப்பும் கூடும். சுவரில் கொஞ்சத்தை விட்டுவைப்பது தெரிந்தே எடுக்கும் முடிவு. என்ன செய்தார்கள் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கும். அதை லேமினேட் செய்து பூஜை அறையில் வைத்துவிடாமல் ஒவ்வொரு முறையும் எடுத்து வாருங்கள்.

கண் விழித்ததும் தலைவலி போயிருக்குமா?

சிலர் மயக்கம் தெளிந்த அன்றே, "கண்ணுக்குப் பின்னால் இருந்த பாரம் இறங்கிவிட்டது" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்களைப் பார்த்து அடுத்த கட்டிலில் இருப்பவர் வருந்தக் கூடாது. பெரும்பாலோருக்கு முதல் சில வாரங்களுக்கு வேறொரு வலி இருக்கும். மூக்கடைப்பு, உள்ளே காய்ந்த பொருக்கு, காற்றறை வீக்கம், அறுவையின்போது தலைக்குள் புகுந்து இன்னும் கரையாத காற்று எல்லாம் சேர்ந்து நெற்றியைக் கனக்க வைக்கும். நாலு வலிகளில் மூன்றாவது இது. நாளுக்கு நாள் குறைய வேண்டும்.

கட்டியின் வலி போனதா என்று தீர்ப்புச் சொல்ல மூன்று மாதமாவது கொடுங்கள்.

எத்தனை பேருக்குத்தான் சரியாகிறது? சுற்றி வளைக்காமல் ஒரு எண் சொல்லுங்கள்.

வெளிவந்த அறுவைத் தொகுப்புகளில் எண் மாறிக்கொண்டே இருக்கிறது. பொதுவாகப் பத்துப் பேரில் ஆறு முதல் எட்டுப் பேருக்குத் தலைவலி குறைந்தது அல்லது நின்றது என்று வருகிறது. "குறைந்தது" என்ற சொல்லைக் கவனியுங்கள். மாதத்தில் இருபது நாள் வலித்தவருக்கு நாலு நாளாகக் குறைந்தாலும் மருத்துவக் கணக்கில் அது வெற்றிதான். நோட்டில் எழுதி வைத்தவருக்கு அது தெரியும். எழுதாதவருக்கு "இன்னும் வலிக்கிறது" என்பது மட்டுமே தெரியும்.

வீட்டுக்குப் போனதும் தைலம் தேய்த்து ஆவி பிடிக்கலாமா? சுக்குப் பத்துப் போடலாமா?

நெற்றியில் பத்துப் போடுவதால் உள்ளே ஒன்றும் ஆகாது, தோல் எரிந்தால் கழுவிவிடுங்கள். ஆவி பிடிப்பது, மூக்குப்பொடி, மூக்கில் எண்ணெய் விடும் நசியம் இவை மூன்றும் கூடவே கூடாது. உள்ளே இட்ட அடைப்பு ஒட்டிக்கொள்ளும் காலம் அது. மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். வீட்டில் மிளகாய் வறுக்கும் நேரம் நீங்கள் மொட்டை மாடியில் இருப்பது உத்தமம்.

குடம் தூக்குவது, குனிந்து கோலம் போடுவது, மலச்சிக்கலில் முக்குவது எல்லாம் தலைக்குள் அழுத்தத்தைக் கூட்டும். உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது எப்போது, எப்படி என்பதை வார்டில் காட்டித் தருவார்கள், கொதிக்க வைத்து ஆறிய நீர்தான் வேண்டும். விமானப் பயணத்துக்கு அறுவை மருத்துவரின் அனுமதி தேவை. வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

எந்தத் தலைவலிக்குப் பொறுக்கலாம், எந்தத் தலைவலிக்கு ஓடி வர வேண்டும்?

எழுந்து உட்கார்ந்தால் வலி, படுத்தால் நிம்மதி, குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர் போலச் சொட்டுகிறது, தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்றால் மூளை நீர் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். சளிபிடித்திருக்கிறது என்று நினைத்து மூன்று நாள் கைக்குட்டையோடு வீட்டில் இருந்தவரை எனக்குத் தெரியும். வலியோடு காய்ச்சல், கழுத்து இறுக்கம், வெளிச்சம் பார்க்க முடியாமை இருந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. திடீரென இடி விழுந்தது போன்ற வலி, பார்வை குறைதல், இரட்டையாகத் தெரிதல், மூக்கில் இரத்தம் நிற்காமல் வருதல் ஆகியவற்றுக்கும் அதே விதி.

பலரும் ஏமாறுவது சோடியத்தில். அறுவை முடிந்து நாலாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை, குறிப்பாக ஏழாம் நாளையொட்டி, உடல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். 135-க்கும் 145-க்கும் இடையில் இருக்க வேண்டிய சோடியம் கீழே இறங்கும்போது தலைவலி, குமட்டல், மந்தம், பிதற்றல், கடைசியில் வலிப்பு வரலாம். அந்த நேரத்தில் பெரும்பாலோர் வீட்டில் இருப்பார்கள். சோர்வாக இருக்கிறாரே என்று பாசத்தோடு செம்பு செம்பாகத் தண்ணீர் கொடுப்பார்கள், அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஏழாம் நாள் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் நல்ல நாள் பார்க்காமல் வாருங்கள்.

உடலுக்குத் தெம்பு தரும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறைந்தாலும் இதே போலத் தலைவலி, வாந்தி, எழுந்தால் கிறுகிறுப்பு வரும். அதை ஈடுகட்ட ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை கொடுத்திருந்தால் ஒரு வேளையும் தவறக் கூடாது. வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

முதல் வாரம் வலியே இல்லை. மூன்றாம் வாரம் திரும்பிவிட்டது. கட்டி மறுபடி வந்துவிட்டதா?

மூன்று வாரத்தில் கட்டி திரும்புவது அரிது. முதலில் மேலே சொன்ன அபாயக் குறிகள் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அறுவையை ஒட்டி ஸ்டீராய்டு கொடுத்துப் படிப்படியாகக் குறைத்திருப்பார்கள். ஸ்டீராய்டு எந்த அழற்சியையும் அடக்கும், ஒற்றைத் தலைவலியைக்கூடச் சில நாள் தூங்க வைக்கும். அந்த முதல் வாரச் சுகத்தில் ஒரு பங்கு மருந்தினுடையது. அதே காரணத்தால், அறுவைக்கு முன் ஸ்டீராய்டில் வலி குறைந்ததை வைத்து, கட்டிதான் குற்றவாளி என்று முடிவு கட்டவும் முடியாது.

மருந்தைக் குறைக்கும்போது வரும் வலி உடலின் கார்ட்டிசால் குறைவையும் காட்டலாம். காலை எட்டு மணிக்கு எடுக்கும் இரத்தப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும்.

தினமும் ஒரு மாத்திரை போட்டால்தான் அடுப்படிக்குப் போக முடிகிறது. ஒன்றுதானே, தவறா?

நாலாவது வலி இதுதான். சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் வகை மாத்திரைகளையும் பல மருந்து கலந்த மாத்திரைகளையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் மாத்திரையே வலியை வளர்க்கும். கட்டி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே ஓராண்டு மாத்திரையில் ஓட்டியவர்களுக்கு, கட்டி போன பிறகும் இந்த வலி மட்டும் தங்கிவிடுகிறது. அறுவை தோற்றுவிட்டது என்று அவர்கள் நினைப்பார்கள். மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். முதல் இரண்டு வாரம் வலி கூடும், அதற்குப் பிறகுதான் இறங்கும். அந்த இரண்டு வாரத்துக்கு வீட்டு வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.

தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிட்டது. ஓயாமல் தாகம், அரை மணிக்கொரு முறை சிறுநீர். சர்க்கரை நோய் வந்துவிட்டதா?

பெரும்பாலும் இது சர்க்கரை நோய் இல்லை. பிட்யூட்டரியின் பின்மடல் வெளியிடும், நீரைக் காக்கும் ஹார்மோன் குறைந்திருக்கலாம். சோடியம் பற்றிச் சொன்னதற்கு நேர் எதிரான கோளாறு. தண்ணீர் போல நிறமற்ற சிறுநீர், நாளுக்கு மூன்று லிட்டருக்கு மேல் போகும். பலருக்குச் சில நாளில் தானாக அடங்கும். சிலருக்கு அந்த ஹார்மோனின் வேலையைச் செய்யும் டெஸ்மோபிரசின் மருந்து தேவைப்படும். எவ்வளவு குடித்தீர்கள், எவ்வளவு போனது என்று அளந்து எழுதுங்கள். அளக்கக் கூச்சப்பட்டு "நிறைய" என்று மட்டும் சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது.

ஸ்கேன் சுத்தம் என்கிறார்கள், வலி மட்டும் அப்படியே இருக்கிறது. எல்லாம் மனப்பிரமை என்கிறார் கணவர்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று அவரிடம் சொல்லுங்கள். ஸ்கேன் கட்டியைக் காட்டும், வலியைக் காட்டாது. அபாயக் குறிகள் இல்லை, ஹார்மோன் அளவுகள் சரி, மூக்கின் உட்புறம் ஆறிவிட்டது, மாத்திரைக் கணக்கும் அளவுக்குள் இருக்கிறது என்றால் எஞ்சுவது தலைக்கே உரிய பழைய வலி. அதைப் பார்க்க வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். தடுப்பு மருந்துகள் வேலை செய்ய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்தாம் நாளே "கேட்கவில்லை" என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

கட்டி மறுபடி வந்தால் தலைவலியும் வருமா? மறுபடி கத்திதானா?

பத்தில் ஒருவர் அல்லது இருவருக்குப் பின்னாளில் மறுபடி திரவம் சேர்வதுண்டு, சில வருடம் கழித்தும் சேரலாம். ஸ்கேனில் சிறிதாகத் தெரிந்தாலே அறுவை என்று இல்லை. பார்வை, ஹார்மோன், வலி மூன்றும் அமைதியாக இருந்தால் காத்திருந்து பார்ப்பார்கள். முன்பு இருந்த அதே வலி, அதே இடத்தில், அதே குணத்தோடு திரும்பினால் மட்டும் அடுத்த ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஆறு மாதமாக வலி இல்லை. நோட்டு எழுதுவதை நிறுத்திவிடலாமா? ஸ்கேனுக்கும் வர வேண்டுமா?

நோட்டை நிறுத்தலாம், தூக்கிப் போடாதீர்கள். திரும்பிய வலி பழையதுதானா என்று ஒப்பிட அதைவிட்டால் வேறு சாட்சி இல்லை. ஸ்கேனுக்கு வந்தே ஆக வேண்டும். வழக்கமாக மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு வருடத்துக்கு ஒன்று, போகப் போக இடைவெளி கூடும். கூடவே ஹார்மோன் பரிசோதனையும், கட்டி பார்வை நரம்பைத் தொட்டிருந்தால் பார்வைப் பரப்புப் பரிசோதனையும் இருக்கும். வரும்போது முதல் ஸ்கேனின் பிலிமையும் எடுத்து வாருங்கள், ரிப்போர்ட் தாளை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது.